செம்புக்குப் பதில் அலுமினியம்: பொருள் முன்னேறுகிறதா, இளைக்கிறதா?

பழுதுக்கடை, பாடாங் செராய்

அன்பர்களுக்கு வணக்கம். மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய் பட்டணத்துக் கடைவரிசையில் இருபத்தாறு ஆண்டுகளாக மின்சாதனங்களைப் பழுதுபார்த்து வருகிறேன். சுற்றியிருந்த தோட்டங்கள் பால்மரத்தை, அதாவது ரப்பரை, விட்டுச் செம்பனைக்கு மாறிய பிறகு, லயத்து வீடுகளிலிருந்து தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் தவணைமுறையில் வாங்கிய தொலைக்காட்சிகளும் காற்றாடிகளும் பெரும்பாலும் ஒரு முறையாவது என் மேசைக்கு வந்து போனவைதாம்.

சென்ற வாரம் தோட்டத்துப் பாட்டி ஒருவர் தம் பேரனோடு ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். வாங்கி மூன்று ஆண்டுகூட நிறையவில்லை. மோட்டார் முனகியதே தவிரச் சுற்றவில்லை. கழற்றிப் பார்த்தபோது காயில், அதாவது கம்பிச்சுருள், நல்ல செம்பு நிறத்தில்தான் இருந்தது. பிளேடால் மேல்பூச்சைச் சுரண்டியதும் உள்ளே அலுமினியம் பல்லிளித்தது. அதே இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பலகையோ துணியின் எடையை அறிந்து தண்ணீரை அளந்து விடுகிறது. பத்தாண்டுகளுக்கு முன் இந்த விலைக்கு இப்படியொரு வசதி கிடைத்ததில்லை.

மூளை வளர்ந்திருக்கிறது, உடம்பு இளைத்திருக்கிறது. செம்பு விலை 2024 மே மாதத்தில் டன்னுக்கு 11,000 அமெரிக்க டாலரைத் தாண்டியதை நானும் அறிவேன். ஆனாலும் செம்பு நிறம் பூசி அலுமினியத்தை விற்பதைத் தொழில்நுட்ப முன்னேற்றம் என்பதா, கலப்படம் என்பதா? தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

சுங்கைப்பட்டாணி இளைஞன்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, அண்ணன்? கலப்படமேதான். பாலில் தண்ணீர் கலந்தால் வழக்குப் போடுகிறோம். மோட்டாரில் கலந்தால் புதுமை என்கிறோம். கேட்டால், குறைந்தபட்ச சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டுக்கு உயர்ந்துவிட்டது, மூலப்பொருள் விலை ஏறிவிட்டது என்று காரணங்கள் வரிசையாக வரும். விலை ஏறும்போது நமக்குத் தெரிவிக்கிறார்கள். பொருள் இளைக்கும்போது மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

முன்னாள் ஆப்பரேட்டர்

தம்பி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

நான் 1979-இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். 1972-இல் இன்டெல், ஹியூலட் பேக்கர்ட், ஹிட்டாச்சி போன்ற எட்டு நிறுவனங்கள் அங்கே கால்பதித்த பின்னர், எங்கள் தோட்டத்திலிருந்து பெண்பிள்ளைகள் வெளிவேலைக்குப் போவது மெல்ல வழக்கமாகியிருந்தது. 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்படும்வரை விடியுமுன் பேருந்தில் பட்டர்வொர்த் சென்று, ஃபெர்ரியில் கடல் தாண்டி, மறுபடி பேருந்து ஏற வேண்டும். அம்மா பிரட்டுக்கு, அதாவது தோட்டத்துக் காலை வருகைப்பதிவுக்கு, போகும் நேரத்தில் நானும் கிளம்பிவிடுவேன்.

என் வேலை மின்னணுச் சில்லுக்கும் (சிப்) அதன் உலோகக் கால்களுக்கும் இடையே கம்பி இணைப்பது. தொடக்கத்தில் நுண்ணோக்கியில் கண் வைத்துக் கையால் செய்தோம். பின்னர் இயந்திரம் செய்ய, நாங்கள் அதைக் கண்காணித்தோம். அந்தக் கம்பி சுத்தத் தங்கம். தடிமன் ஏறத்தாழ 25 மைக்ரான், அதாவது தலைமுடியில் பாதிகூட இராது. அறுந்த துண்டுகளைக்கூடத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். கணக்கு அவ்வளவு கறார்.

தங்கம் விலை ஏறிக்கொண்டே போய் 2011-இல் அவுன்சுக்கு 1,900 டாலரைத் தொட்டது. அதற்குள்ளாகவே எங்கள் தளத்தில் செம்புக் கம்பி வந்துவிட்டது. "தங்கம் இருந்த இடத்தில் செம்பா, இது விளங்குமா?" என்று நாங்களே பேசிக்கொண்டோம். முதல் சில மாதங்கள் உண்மையிலேயே விளங்கவில்லை. தங்கம் காற்றில் கறுக்காது. செம்போ, கம்பியின் நுனியை உருக்கி உருண்டையாக்கும் அந்த நொடிக்குள் துருவேறிவிடும். போதாக்குறைக்கு அது தங்கத்தைவிடக் கடினமானது. சற்று அதிகமாக அழுத்தினால் அடியிலிருக்கும் சிலிக்கானில் குழி விழும். ஆகவே ஒவ்வோர் இயந்திரத்துக்கும் நைட்ரஜனில் ஐந்து விழுக்காடு ஹைட்ரஜன் கலந்த வாயுவைக் குழாய் போட்டுக் கொண்டுவந்தார்கள். அழுத்தம், சூடு, அதிர்வு எல்லாவற்றையும் மாற்றி அமைத்தார்கள். எங்களுக்கும் புதிதாகப் பயிற்சி நடந்தது. கம்பியின் மேல் பல்லேடியம் பூசிய வகை பின்னர் வந்தது. அதன் பிறகு, தங்கத்தில் வந்த தரம் செம்பிலும் வந்தது. மின்சாரத்தைக் கடத்துவதில் செம்பு தங்கத்தை விஞ்சுகிறது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் கையிலிருக்கும் கைப்பேசியின் சில்லுகளில் பலவற்றில் இன்று தங்கக் கம்பி கிடையாது. அதைக் கலப்படம் என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள்.

கூலிம் பொறியாளர்

அக்கா எழுதியதில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்: வாயுவைக் குழாய் போட்டுக் கொண்டுவந்தார்கள். நானும் சில்லுகளுக்குக் கம்பி இணைத்து உறையிடும் பொதிவுத் துறையில் இருப்பவன். தங்கத்திலிருந்து செம்புக்கு மாறியதில் மிச்சமான பணம் முழுவதும் லாபமாகிவிடவில்லை. அதில் ஒரு பகுதியை அந்த வாயுவுக்கும் இயந்திரத்துக்கும் சோதனைக்கும் திரும்பச் செலவழித்தார்கள். செலவழிக்காமல் விட்டிருந்தால் அன்றே பொருள்கள் வாடிக்கையாளரிடமிருந்து மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்திருக்கும். மோட்டாரைப் பற்றி முடிவு சொல்லுமுன் இதையே கேட்க வேண்டியிருக்கிறது. அலுமினியத்துக்கு மாறியவர்கள், அலுமினியம் கேட்கும் கவனிப்பையும் சேர்த்துக் கொடுத்தார்களா?

அலுமினியம் கடத்துதிறனில் செம்பில் ஏறத்தாழ 61 விழுக்காடுதான். அதே மின்தடை வேண்டுமென்றால் கம்பியின் குறுக்குப் பரப்பை 1.6 மடங்கு கூட்ட வேண்டும். மோட்டாரின் இரும்புக் கூடும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும். அப்படிக் கூட்டினாலும் எடை செம்பில் பாதிதான் வரும், விலையோ அதைவிடவும் குறையும். முறையாகச் செய்தால் நல்ல மோட்டாரே கிடைக்கும். மின்வாரியத்தின் உயர் அழுத்தக் கம்பிகளில் எத்தனை காலமாக அலுமினியம் தொங்குகிறது! பழுதுக்கடை ஐயா, அந்த மோட்டாரில் காயிலே எரிந்திருக்கிறதா, வேறிடத்தில் அறுந்திருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துச் சொல்ல முடியுமா?

சம்பளத்தைப் பற்றித் தம்பி சொன்னதற்கும் ஒரு சொல். நான் வேலை செய்யும் வகைத் தொழிற்சாலையில் இயந்திரத்தின் தேய்மானமும் மூலப்பொருளும்தான் பெரும் செலவு. ஆப்பரேட்டர் சம்பளம் அவற்றுக்குப் பின்னால்தான் வரும். கையால் கம்பி கோக்கும், மூடி முடுக்கும் வேலைகளில் மட்டும் கணக்கு வேறு.

முன்னாள் ஆப்பரேட்டர்

நன்றி தம்பி. நாங்கள் வாங்கிய சம்பளத்தால் விலை ஏறியிருந்தால் நாங்களாவது பணக்காரர்களாகியிருப்போம்.

சுங்கைப்பட்டாணி இளைஞன்

அக்கா, உங்களை நான் குறை சொல்லவில்லை. சம்பளத்தைச் சாக்குச் சொல்பவர்களைத்தான் சொன்னேன். இருந்தாலும் ஒரு கேள்வி. தங்கம் போய்ச் செம்பு வந்தபோது மிச்சமான பணத்தில் நமக்கு என்ன கிடைத்தது?

கூலிம் பொறியாளர்

விலை ஏறாமல் இருந்ததுதான் கிடைத்தது. இதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள்.

ஒரு சில்லில் அடக்கக்கூடிய உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிக்கிறது என்று கார்டன் மூர் 1965-இல் எழுதினார். பத்தாண்டு கழித்து அதை ஈராண்டுக்கு ஒருமுறை என்று திருத்தினார். அந்தக் கணிப்பின் உயிர்நாடி வேகத்தில் இல்லை, ஒவ்வோர் உறுப்புக்கும் ஆகும் செலவு சரிந்துகொண்டே போனதில்தான் இருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சில்லு மலிந்த வேகம், செம்பு ஏறியதையும் சம்பளம் ஏறியதையும் கப்பல் வாடகை ஏறியதையும் தன் நிழலில் மறைத்து வைத்திருந்தது. கடைக்குப் போன நமக்கு, அதே விலைக்குப் போன வருடத்தைவிட நல்ல பொருள் கிடைத்தது. அதை இயற்கை விதி என்றே பழகிக்கொண்டோம்.

அந்த நிழல் இப்போது சுருங்குகிறது. மிக நுண்ணிய சில்லுகளைச் செதுக்கும் ஒளியச்சு இயந்திரங்களை உலகில் நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் ஒன்றுதான் செய்கிறது. அதன் ஆகப் புதிய வகை ஒன்றின் விலை ஏறத்தாழ 350 மில்லியன் யூரோ. அப்படிப்பட்ட இயந்திரங்களை நிரப்பிக் கட்டிய ஆலையில் வார்க்கும் சில்லு, முன்போல் மலிந்துகொண்டே போகாது. மேலே மிச்சம் பிடிக்க முடியாதபோது கீழே கை வைக்கிறார்கள்: மோட்டார் கம்பி, பெட்டியிலிருந்த மின்னூட்டி, திருகாணிக்குப் பதிலாகப் பசை. 2020-இல் ஐபோன் 12 மின்னூட்டி இல்லாமல் வந்தபோது சுற்றுச்சூழலைக் காரணம் காட்டினார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் பெட்டி சிறுத்தபோது கப்பல் வாடகையும் சேர்ந்தே குறைந்தது.

பற்றவைக்கும் ஈயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் பெரும்பாலான மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குத் தடை விதித்தது. காரீயம் சேர்ந்த பழைய கலவை 183 பாகை செல்சியஸில் உருகும். அதற்குப் பதிலாகப் பரவலாக வந்த கலவையில் வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 விழுக்காடு. உருக 217 பாகைக்கு மேல் வேண்டும். வெள்ளி விலை ஏறியதும், வெள்ளியை 0.3 விழுக்காடாகக் குறைத்த கலவையைப் பலர் நாடினார்கள். ரிங்கிட்டையும் வெள்ளி என்னும் நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், செலவில் வெள்ளி குறைய வேண்டுமென்றால் ஈயத்தில் வெள்ளி குறைய வேண்டும். இதுவும் முழு மோசடி ஆகாது. வெள்ளி குறைந்த பற்று, பொருள் கீழே விழும் அதிர்ச்சியைச் சற்று நன்றாகவே தாங்குகிறது. சூடாகிக் குளிரும் சுழற்சியில்தான் சீக்கிரம் விரிசல் காண்கிறது. கைப்பேசிக்கு அது பொருந்தலாம். நாள் முழுதும் வெயிலில் நிற்கும் குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டிக்குப் பொருந்தாது. எதற்கு எதைப் போடுகிறோம் என்பதில்தான் பொறியாளரின் நேர்மை இருக்கிறது.

லூனாஸ் ஆசிரியை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகள் இவ்வாண்டு ஆறாம் படிவம் போகிறாள். அவளுக்கு மடிக்கணினி வாங்கச் சென்ற அக்டோபரில் விலை விசாரித்தேன். போனஸ் வரட்டும் என்று காத்திருந்து ஜனவரியில் போனால் அதே கணினி விலை கூடியிருக்கிறது. டாலர் ஏறிவிட்டதா என்று கேட்டேன். கடைப்பையன் ஏதோ மெமரி என்றான். இந்தக் கதை எனக்குப் புரியவில்லை.

கூலிம் பொறியாளர்

டாலர் காரணமில்லை, டீச்சர். 2024 பிப்ரவரியில் ஒரு டாலருக்கு 4.80 வெள்ளிவரை சரிந்த நம் நாணயம், 2025 இறுதியில் 4.10-ஐ ஒட்டி வலுவடைந்திருந்தது. அதை வைத்துப் பார்த்தால் விலை இறங்கியிருக்க வேண்டும்.

கடைப்பையன் சொன்னது சரிதான். கணினி நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைச் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்களே உலகத்துக்கு வழங்குகின்றன. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கு, எட்டு அல்லது பன்னிரண்டு சில்லுகளை மாடி மாடியாக அடுக்கிய எச்பிஎம் என்ற நினைவகம் வேண்டும். அதே கொள்ளளவுக்கு அது சாதாரண டிடிஆர்5 நினைவகத்தைப் போல் மூன்று மடங்கு சிலிக்கான் தகட்டை விழுங்குகிறது என்று மைக்ரானே சொல்லியிருக்கிறது. தகடு ஒன்றுதான், அதைத் தரவு மையத்துக்கு விற்றால் கொழுத்த லாபம், உங்கள் மகளின் கணினிக்கு விற்றால் சொற்ப லாபம். 2025 டிசம்பரில் மைக்ரான், பொதுமக்களுக்கென்று பல்லாண்டுகளாக விற்றுவந்த குரூஷியல் வணிகத்தையே மூடப்போவதாக அறிவித்தது. அந்நிறுவனத்தின் ஆலை ஒன்று நமக்கு அருகிலுள்ள பத்து காவானில் இருக்கிறது. தோட்டமாக இருந்த மண்ணில் எழுந்த ஆலையிலிருந்து சில்லு உலகமெல்லாம் போகிறது. லூனாஸ் கடைக்கு வரும்போது விலை கூடிவிடுகிறது. பக்கத்தில் இருப்பதால் சலுகை ஒன்றும் கிடையாது.

பழுதுக்கடை, பாடாங் செராய்

டீச்சர், கணினி வாங்குமுன் இதை மட்டும் கேளுங்கள்: நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறதா, செருகும் வகையா? செருகும் வகையென்றால் இன்று 8 ஜிபியோடு வாங்கி, விலை இறங்கியபின் கூட்டிக்கொள்ளலாம். பற்றவைத்ததென்றால் இன்று வாங்குவதோடுதான் மகள் படிப்பை முடிக்க வேண்டும். மெல்லிய கணினி பார்க்க அழகுதான்.

பொறியாளர் கேட்டபடி மீட்டர் வைத்துப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. மூன்று நாளாக மழையும் இடியும். இடி விழுந்த மறுநாள் எனக்குத் திருவிழா என்று ஊரில் கேலி செய்வார்கள். அந்தக் கேலியிலும் ஒரு மாற்றம் நேர்ந்திருக்கிறது, அதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

பழைய கூரைக் காற்றாடி 75 வாட் வரை மின்சாரம் தின்னும். ஆனால் மெதுவானால் பத்துப் பதினைந்து வெள்ளியில் ஒரு கெப்பாசிட்டர் மாற்றினால் போதும், இன்னும் பத்தாண்டு சுற்றும். இப்போதைய பிஎல்டிசி (மின்னணுப் பலகையால் இயங்கும், பிரஷ் இல்லாத மோட்டார்) காற்றாடி 30 வாட்டை ஒட்டிய மின்சாரத்திலேயே அதே காற்றைத் தருகிறது, சத்தமே இல்லை. இதை முன்னேற்றமில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அதன் உயிர் ஓர் உள்ளங்கையளவு பலகையில் இருக்கிறது. ஓர் இடியில் அது போய்விட்டால், அந்தப் பலகையைத் தனியாகத் தர ஆளில்லை, தந்தாலும் புதுக் காற்றாடியின் பாதி விலை. இடியின் மின்னெழுச்சியை விழுங்கும் வேரிஸ்டர் என்ற சின்ன உறுப்பு சில காசுகள்தான். சில பலகைகளில் அதற்கான இடம் அச்சிட்டே இருக்கும், உறுப்பு மட்டும் இருக்காது. வடிவமைத்தவர் வைத்திருக்கிறார், வேறு யாரோ எடுத்துவிட்டார்கள்.

குளிர்சாதனப் பலகையில் பல்லி ஏறிக் கருகிச் சாவது இன்னொரு கதை. ஈரமும் பூச்சியும் அண்டாமல் பலகைமேல் ஒரு மெல்லிய பூச்சு தெளித்தால் பெரும்பாலும் தப்பிக்கும். தெளித்தவையும் வருகின்றன, தெளிக்காதவையும் வருகின்றன, வெளியே இரண்டும் ஒரே மினுக்குத்தான்.

தொலைக்காட்சியிலும் இதே கதை. திரைக்குப் பின்னால் ஒளிதரும் எல்ஈடி விளக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றின் மேலும் பெரிய வில்லை மாட்டி, மின்னோட்டத்தைக் கூட்டி ஓட்டுகிறார்கள். கடையில் பார்க்கும்போது பளிச்சென்று இருக்கும். ஓரிரு ஆண்டில் ஒரு விளக்கு கருகினால் முழு வரிசையும் அணைந்து, ஒலி மட்டும் வரும். நான் புது விளக்குப் பட்டை மாற்றும்போது மின்னோட்டத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுகிறேன். திரை சற்று மங்கினாலும் ஆயுள் கூடும். வாடிக்கையாளரிடம் சொல்லித்தான் செய்கிறேன். இதுவரை ஒருவரும் வேண்டாம் என்றதில்லை.

சட்டம் படித்தவன்

உதிரிப்பாகம் கிடைப்பதில்லை என்று ஐயா எழுதியதால் ஒரு தகவல். நம் நாட்டின் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு, பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகமும் நியாயமான காலம்வரை கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கூறுகிறது. பலருக்கு இது தெரியாது. ஆனால் அதே பிரிவில் ஒரு சந்தும் இருக்கிறது: அத்தகைய வசதிக்குத் தாம் பொறுப்பேற்கவில்லை என்று விற்கும்போதே பயனீட்டாளருக்குத் தெரிவித்துவிட்டால் அக்கடமை பொருந்தாது. ஆகவே ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை ஐந்து ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே பதிவு செய்யலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் கைப்பேசிகளுக்கு விதி இதைவிடக் கடுமை. விற்பனை நின்ற பிறகும் ஏழாண்டு உதிரிப்பாகம் கிடைக்க வேண்டும். 800 முறை மின்னேற்றிய பிறகும் மின்கலம் 80 விழுக்காடு கொள்ள வேண்டும்.

சுங்கைப்பட்டாணி இளைஞன்

அங்கே விதி வந்தால் அந்தச் செலவையும் விலையில் ஏற்றுவார்கள். நாமும் சேர்ந்துதான் கட்டுவோம். இருந்தாலும் அந்த விலையைக் கொடுக்க நான் தயார். எதற்குக் கொடுக்கிறேன் என்று தெரிகிறதே.

பழுதுக்கடை, பாடாங் செராய்

இன்று காலை மோட்டாரை மீண்டும் மேசையில் ஏற்றினேன். பொறியாளர் கேட்ட கேள்விக்குப் பதில் இதோ.

காயில் எரியவில்லை. முனையில் மீட்டர் வைத்துப் பார்த்தால் அறுந்ததுபோல் காட்டியது. காயிலின் உட்புறத்தைத் தொட்டுப் பார்த்தால் முழுதாக இருந்தது. அலுமினியக் கம்பியும் வெளியே வரும் செம்புக் கம்பியும் சேரும் இடத்தைத் துணிச்சுற்றை அவிழ்த்துப் பார்த்தேன். இரண்டையும் முறுக்கி, மேலே வெறும் பற்று வைத்து, ஒரு நெகிழிக் குழாயைப் போர்த்தியிருந்தார்கள். அலுமினியத்தின் மேல் படியும் துருப்படலத்தில் சாதாரணப் பற்று ஒட்டாது. இரண்டு உலோகமும் ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். துணி துவைக்கும் இயந்திரத்தின் அடியில் ஈரத்துக்கா பஞ்சம்! இணைப்பு வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. அங்கே ஓர் உலோகக் குழாயில் இரண்டு கம்பியையும் செருகி அழுத்தியிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திராது. அந்தக் குழாய் என் கடையில் நூறு கொண்ட பொட்டலமாக இருக்கிறது. ஒன்று இருபது காசுகூட வராது.

அக்கா சொன்ன வாயுக் குழாயை நினைத்துக்கொண்டேன். முதல் பதிவில் அலுமினியத்தைப் பழித்து எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். செம்பு நிறம் பூசியதைப் பற்றி எழுதியதைத் திருத்தவில்லை.

குழாய் போட்டு அழுத்தி, மேலே ஈரம் புகாத பூச்சுத் தடவி, இயந்திரத்தை மூன்று முறை முழுச் சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டேன். பாட்டியிடம் கூலியாக முப்பது வெள்ளி சொன்னேன். "இதற்கா புதுசு வாங்கச் சொன்னான் அந்தக் கடைக்காரன்?" என்று கேட்டுவிட்டு, பேரனை விட்டு இருபத்தைந்தாகப் பேசவைத்தார்.

முன்னாள் ஆப்பரேட்டர்

இருபத்தைந்துக்கு ஒப்புக்கொண்டீர்களா?

பழுதுக்கடை, பாடாங் செராய்

வீட்டுத் தோட்டத்தில் காய்த்த முருங்கைக்காய் ஒரு கட்டும் சேர்த்துக் கொடுத்தார். ஒப்புக்கொண்டேன்.